கஸ்ஸான் தொதா கோட்டையில வாள் செஞ்சாங்களா? – கேள்விக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்கார்: "கஸ்ஸான்னு ஜப்பான்ல பேர் போன வாள் பரம்பரை ஒண்ணு இருக்கு. கஸ்ஸான் தொதான்னு ஷிமானே மாவட்டத்துல ஒரு மலைக்கோட்டையும் இருக்கு. அந்த வாளெல்லாம் இந்தக் கோட்டையில செஞ்சதுதானா? இப்ப அங்க போனா என்ன பார்க்கலாம்?"

இல்லைங்க, ரெண்டும் வேற வேற இடம். கஸ்ஸான் கொல்லர்கள் வடக்கே தேவா நாட்டுக்காரங்க, இன்னைக்கு அது யமகாதா மாவட்டம். அங்க 1,984 மீட்டர் உயரத்துல கஸ்ஸான்னு ஒரு புனித மலை இருக்கு. வாளோட உடம்புல ஒரே சீரா அலை ஓடுற மாதிரி ரேகை தெரியும், அதுதான் அவங்க அடையாளம். நம்ம கோட்டை யசுகி நகரத்துல, சுமார் 190 மீட்டர் மலை மேல இருக்கு. பேரு மட்டும்தான் ஒண்ணு.

ஆனா இந்தக் கோட்டைக்கும் வாளுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. வாளுக்கு முன்னாடி எஃகு வேணும் இல்லையா? அந்த எஃகு பிறந்த மலைகள் இந்தக் கோட்டைக்குப் பின்னாடிதான் இருக்கு. இதை ஆண்ட அமாகோ குடும்பம் ஒகுஇஸுமோ மலை இரும்பையும், கடற்கரையில மிஹோனோசெகி துறைமுகத்துச் சுங்கத்தையும் கையில வச்சிருந்தாங்க. அவங்க பலமே அதுதான்.

கோட்டையோட அமைப்பைச் சொல்றேன். அடிவாரத்துல இருந்து மூணு வழி: கிகுதானி, ஒகோமோரி, ஷியோதானி. மூணும் பாதி மலையில 'சஞ்சூ கோதென்'ங்கற மேடையில வந்து சேரும். அதுக்கு மேல ஏழு வளைவா ஏறுற செங்குத்துப் பாதை ஒண்ணே ஒண்ணுதான். கீழ தோத்தாலும் மேல போய் நின்னு சண்டை போடலாம். 1542-43ல அமாகோவோட எதிரியான ஓஉச்சி யொஷிதாகாங்கற பிரபு பெரும்படையோட வந்தார். கூட வந்த உள்ளூர் தலைவர்களே நடுவுல அமாகோ பக்கம் சாய்ஞ்சதால தோத்து ஓட வேண்டியதாச்சு. அந்தப் படையில மோரி மொத்தொனாரியும் இருந்தார். அவரே 1562ல திரும்பி வந்தப்ப அவசரப்படல. முதல்ல 1563ல அமாகோவோட துணைக்கோட்டையான ஷிராகாவைப் பிடிச்சு, கடல் வழியா வர்ற உணவை நிறுத்தினார். 1565ல மூணு வழியிலயும் ஒரே நேரத்துல மோதிப் பார்த்தார், முடியல. அப்புறம் முற்றுகைதான். 1566 நவம்பர்ல குடும்பத் தலைவர் அமாகோ யொஷிஹிசா சரணடைஞ்சார். வாளால விழாத கோட்டை பசியால விழுந்தது.

இப்ப எஃகு. ஒகுஇஸுமோல தேய்ஞ்ச கருங்கல் மண்ணுக்குள்ள இரும்பு மணல் கலந்திருக்கும். 'மஸா'ங்கற வகையில டைட்டானியம் குறைவு, அதனாலதான் வாளுக்கு அது நல்லது. டைட்டானியம் கூடினா கசடு, அதாவது உருகி ஒதுங்கற கழிவு, கெட்டியாகி சரியா வழியாது.

இந்த மணலை எஃகாக்கற 'ததாரா' உலை ஒரு களிமண் தொட்டி. சுமார் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டருக்குக் கொஞ்சம் மேல உயரம். கண்ணுக்குத் தெரியறது அவ்வளவுதான், உண்மையான வேலை தரைக்குக் கீழ 3 மீட்டருக்கும் மேல ஆழத்துல இருக்கு. கல், கரி, வடிகால்னு அடுக்கி, தீ மூட்டி நல்லா உலர்த்தி வச்சிருப்பாங்க. ஈரம் ஏறினா உலை சூடே பிடிக்காது. மூணு நாள் மூணு ராத்திரி, சுமார் அரை மணிக்கு ஒரு தடவை மணலும் மரக்கரியும் மாத்தி மாத்திப் போடணும். மொத்தம் கிட்டத்தட்ட 10 டன் மணல், 12 டன் கரி. தலைமை ஆள் 'முராகே' சுடரோட நிறத்தையும் கசடு ஓடற விதத்தையும் பார்த்துதான் அடுத்த அளவை முடிவு பண்ணுவார். களிமண் சுவரே உருகிக் கசடுல சேரும். சுவர் ரொம்ப மெலிஞ்சா நிறுத்தியே ஆகணும், அதனால உலையை ஒவ்வொரு தடவையும் உடைச்சுட்டுப் புதுசா கட்டுறாங்க. உள்ள இருந்து சுமார் 2.5 டன் கட்டி வரும். அதுல வாளுக்கு ஆகற 'தமாஹகானே' 1 டனுக்கும் குறைவு. இதுல கரிமம் 1 முதல் 1.5 சதவீதம் இருக்கும். கொல்லர் பத்து, பதினஞ்சு தடவை மடிச்சு அடிக்கும்போது அது 0.6, 0.7 வரைக்கும் இறங்கிடும். ஆரம்பத்துலயே கரிமம் கம்மியா இருந்தா, சூடா நீர்ல முக்கும்போது வாளோட வெட்டுற விளிம்புக்கு வேண்டிய கடினம் வராது.

இதுக்கு ஒரு விலையும் கொடுத்தாங்க. மணலுக்காக மலையைத் தண்ணியில கரைச்சு விட்டதால ஆத்துப் படுகை மேடேறிப் போச்சு. 1666 வெள்ளத்துல கோட்டைக்குக் கீழ இருந்த பழைய ஊரே மண்ணுக்குள்ள போயிடுச்சு. அதோட மிச்சங்களை ஆத்துப் படுகையிலயே தோண்டி எடுத்திருக்காங்க. அதுக்குள்ள ஆட்சி இடம் மாறியிருந்தது. 1600ல இங்க வந்த ஹொரியோ குடும்பம் மத்சுஏங்கற ஊர்ல புதுக் கோட்டை கட்டி 1611ல முடிச்சாங்க.

போறவங்களுக்கு: கோட்டையில அந்தக் காலத்துக் கட்டடம் எதுவும் நிக்கல, மிஞ்சினது கற்சுவர்களும் மேடைகளும்தான். அந்தச் சுவர்கள்ல பெரும்பகுதி அமாகோ காலத்துக்கு அப்புறம் எழும்பினது. யசுகி நகரத்துல எஃகைப் பத்தின வாகோ அருங்காட்சியகத்தைப் பாருங்க. உன்னான் பக்கம் சுகாயால பழைய ததாரா கூடம் அப்படியே நிக்குது, 1921 வரைக்கும் ஓடினது. ஒகுஇஸுமோல 1977ல மறுபடி மூட்டின உலை குளிர்காலத்துல மட்டும் எரியும். அது பொதுப் பார்வைக்கு இல்ல, அதை நம்பிப் பயணம் போடாதீங்க. அதுக்குப் பதிலா அதே ஊர் யொகோதால இருக்கற ததாரா வாள் கூடத்துக்குப் போங்க. உலையோட நிலத்தடி அமைப்பை நிஜ அளவுல வெட்டிக் காட்டியிருக்காங்க. வாள் அடிக்கற செயல்விளக்கம் எல்லா நாளும் கிடையாது, தேதி கேட்டுட்டுக் கிளம்புங்க.