செலவில்லாத சண்டை

(திரைப்பட ரசனைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேசப்போகும் படங்களைப் பார்த்திருக்கிறேன் என்று இந்த அரங்கத்தில் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டீர்கள். இவை தியேட்டருக்கு வராதவை, விருதுப் பட்டியலில் பேர் வராதவை. அமெரிக்காவில் அக்டோபர் கடைசியில் ஆரம்பித்துப் புத்தாண்டு வரைக்கும் ராப்பகலாக ஓடும் கிறிஸ்துமஸ் காதல் நகைச்சுவைப் படங்களைச் சொல்கிறேன். குறிப்பாக ஹால்மார்க் சேனலின் படங்கள். தலைப்பைக் கேட்டதும் அமைப்பாளர், "இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியுமா?" என்றார். அரை மணி போதும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஹால்மார்க் என்பது முதலில் வாழ்த்து அட்டைக் கம்பெனி. ஜாய்ஸ் ஹால் என்பவர் 1910இல் கான்சஸ் சிட்டியில் தொடங்கியது. (ஜாய்ஸ் என்றதும் பெண் என்று நினைத்துவிடாதீர்கள், ஆண்தான்.) அவர்கள் தொலைக்காட்சிக்குள் நுழைந்தது 1951இல், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. அன்றைக்கு ஒளிபரப்பியது என்ன தெரியுமா? ஓர் ஆப்பரா. ஜான் கார்லோ மெனொட்டி தொலைக்காட்சிக்கென்றே எழுதிய இசை நாடகம். அப்புறம் ஷேக்ஸ்பியர்கூடப் போட்டார்கள். 2001இல் ஹால்மார்க் என்ற பெயரிலேயே தனிச் சேனல் வந்தது. 2009இலிருந்து கிறிஸ்துமஸ் படங்களைத் திருவிழா மாதிரி வரிசையாகப் போடத் தொடங்கினார்கள். 2019இல் இந்தச் சேனலுக்கும் ஹால்மார்க்கின் இன்னொரு சேனலுக்கும் சேர்த்து அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் 40 புதுப் படங்கள். நாற்பதும் ஒரே கதை என்று கேலி பேசுவார்கள். அது அநியாயம், நான்கைந்து கதைகள் இருக்கும்.

அதில் முக்கியமான கதையைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ பெரிய உத்தியோகத்தில் ஒரு பெண். காதில் எப்போதும் போன். கோட்டு சூட்டு போட்ட வருங்காலக் கணவன் ஒருவன் உண்டு, அவன் காதிலும் எப்போதும் போன். பண்டிகை நேரத்தில் ஏதோ வேலையாக அவள் ஒரு சின்ன ஊருக்குப் போகிறாள், பெரும்பாலும் பிறந்த ஊர். அங்கே ஒரு பேக்கரியோ சத்திரமோ மூடப்படும் நிலையில் இருக்கும். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் இருப்பான், தச்சு வேலை தெரிந்தவன். அவன் மனைவியை இழந்தவனாக இருந்தால் எட்டு வயதில் ஒரு புத்திசாலி மகளும் இருப்பாள். இருவரும் குக்கி என்கிற பிஸ்கட் செய்வார்கள், மூக்கில் மாவு ஒட்டும். முத்தமிடப் போகும் நேரம் பார்த்து யாராவது கதவைத் தட்டுவார்கள். முடிய இருபது நிமிடம் இருக்கும்போது அவன் போனில் பேசுவதை அவள் பாதி மட்டும் கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வாள். கடைசி இரண்டு நிமிடத்தில் பனி பொழியும், முத்தம், சுபம்.

இப்படிச் சொல்லிச் சிரிப்பது சுலபம். ஆனால் முடிவு தெரிந்திருப்பதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. நம் ஊர்க் கூத்தில் அரிச்சந்திரனுக்கு என்ன ஆகும் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்? கதை தெரிந்தவனுக்குத்தான் இன்றைக்கு ஆடுகிறவர் எப்படி ஆடுகிறார் என்று பார்க்கப் பொழுது கிடைக்கிறது. ஹால்மார்க்கில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் லேசி ஷாபேர். அவர் அந்த வசனங்களைப் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். "கிறிஸ்துமஸின் அற்புதத்தை நீ நம்ப வேண்டும்" என்பது மாதிரியான வரியை நக்கல் இல்லாமல், 'இது அசட்டுத்தனம் என்று எனக்கும் தெரியும்' என்று பார்வையாளருக்குக் கண் காட்டாமல், நம்பிச் சொல்வது கஷ்டமான வேலை. பெரிய நடிகர்கள் பலருக்கு அது வராது.

இந்த நம்பிக்கை முக்கியம். 2017இல் நெட்ஃபிளிக்ஸ் இதே அச்சில் ஓர் இளவரசன் கதையை எடுத்தது. அந்தப் படத்தை 18 நாளாகத் தினமும் பார்த்தவர்கள் 53 பேர் என்று ட்விட்டரில் அறிவித்துவிட்டு, உங்களை யார் இப்படிப் புண்படுத்தியது என்று அவர்களையே கேலியும் செய்தது. நமக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் காசு கொடுத்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவனைப் பார்த்து, 'இதையா சாப்பிடுகிறாய்' என்று கேட்கிற கடைக்காரரை என்ன சொல்வது? ஹால்மார்க் அந்தத் தவறைச் செய்வதில்லை. தன் பார்வையாளரை அது மதிக்கிறது.

யார் அந்தப் பார்வையாளர்? ஒருவரை எனக்கு நேரில் தெரியும். என் அத்தை, மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சி போனவர். ஆறு மாத விசா, நடுவில் முழுக் குளிர்காலம். மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஹால்மார்க் பார்த்துத்தான் டிசம்பரைக் கழித்தார். ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் ஒரு படத்தில்கூடக் கதை புரியாமல் போகவில்லை. குழந்தை அழுது எழுந்து போனாலும் திரும்பி வந்து விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, சட்டென்று யார் முன்னாலும் சேனலை மாற்ற வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பறையிலும், தனியாக இருக்கும் முதியவர் வீட்டிலும் இந்தச் சேனல் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

அந்த அத்தை ஊர் திரும்பியதும் என்னிடம் ஒரு விமர்சனம் சொன்னார். "ஏன்டா, இதுல ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. மாமியார்கூட நல்லவ. அப்புறம் எதுக்குடா ரெண்டு மணி நேரம்?"

என் பேச்சே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். இந்தப் படம் ஒன்றுக்கு ஆகும் செலவு 20 லட்சம் டாலர் அளவில், சிலவற்றுக்கு அதற்கும் கீழே. ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. படப்பிடிப்பு சுமார் 15 நாள். பெரும்பாலும் கனடாவில் எடுப்பார்கள். அங்கே தயாரிப்பாளர் கொடுக்கும் சம்பளச் செலவில் ஒரு பங்கை மத்திய அரசும் மாகாண அரசும் வரிச் சலுகையாகத் திருப்பித் தருகின்றன. அதனால்தான் படத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் என்று சொல்லும் ஊர் ஒன்டாரியோவின் ஆல்மான்டாகவோ, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபோர்ட் லாங்லியாகவோ இருக்கும். கிறிஸ்துமஸுக்குப் படம் தயாராக வேண்டும் என்றால் பலவற்றைக் கோடையிலேயே எடுத்தாக வேண்டும். ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், தரையில் வெள்ளைத் துணி, மேலே நுரையும் காகிதத் தூளும். நாயகன் குளிரில் நடுங்குகிறான், பின்னால் மரமெல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. வாயிலிருந்து ஆவி வருவதில்லை. காபி கப்பைத் தூக்குகிற விதத்திலேயே உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். ஊர்த் திருவிழா என்பார்கள், பன்னிரண்டு பேர் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

இதற்கெல்லாம் நான் மன்னிப்பு வழங்கிவிட்டேன். பதினைந்து நாளில் ஒரு முழுப் படம் எடுப்பது என்றால் ஒரு நாளைக்கு ஐந்தாறு நிமிடப் படம் கையில் வர வேண்டும். இரண்டாவது டேக் கேட்கவே யோசிக்க வேண்டிய நிலை. அதில் வெளிச்சம் சரியாக விழுந்து, வசனம் தெளிவாகக் கேட்டு, நடிகர் முகத்தில் களைப்புத் தெரியாமல் ஒரு படம் வெளியே வருவது தொழில் தெரிந்தவர்கள் செய்கிற காரியம்.

நான் மன்னிக்காதது வேறொன்று. காதல் நகைச்சுவை என்று சொல்கிறோமே, அதில் காதல் இருக்கிறது, நகைச்சுவை எங்கே? மூக்கில் மாவு ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது. இந்த வகைக் கதைக்கு உயிரே வாய்ச்சண்டைதான். சமமான இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பிடிவாதம், ஆளுக்கு ஒரு நியாயம். அவன் ஒன்று சொன்னால் அவள் ஒன்றரை சொல்ல வேண்டும். அந்தச் சண்டையில்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, ஓர் எழுத்தாளரின் சம்பளமும் இரண்டு நாற்காலியும். பனி வாங்கத்தான் காசு வேண்டும், சண்டைக்கு வேண்டாம்.

1934இல் வந்த 'இட் ஹேப்பன்டு ஒன் நைட்' ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படத்தை எடுத்த கொலம்பியா அப்போது ஏழை ஸ்டூடியோ. நாயகி கிளாடெட் கோல்பேர் விடுமுறைக்குப் போக வேண்டும், நாலு வாரத்தில் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தார். பஸ்ஸும் மலிவான தங்கும் விடுதிகளும்தான் முக்கியமான இடங்கள். இரண்டு கட்டிலுக்கு நடுவே கயிற்றில் ஒரு போர்வை, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், ஓயாத பேச்சு. ஐந்து முக்கிய ஆஸ்கரும் அதற்குத்தான் போயின. நம்ம ஏவி.எம். அந்தக் கதையை 1956இல் இந்தியில் 'சோரி சோரி'யாக எடுத்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

அது சினிமா, தொலைக்காட்சிக்கு முடியாது என்பீர்களா? அப்படியானால் 'மார்ட்டி'க்கு வருவோம். 1953 மே மாதம் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பாக வந்த நாடகம். விளம்பரம் உட்பட ஒரு மணி நேரம். எழுதியவர் பேடி சாயெஃப்ஸ்கி. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கறிக்கடையில் வேலை பார்க்கும், தோற்றத்தில் சாதாரணமான, முப்பது தாண்டிய ஒருவன். "எப்போதடா கல்யாணம்?" என்று ஊரே கேட்கிறது, அம்மாவும் கேட்கிறாள். நடன அரங்கத்துக்குப் போகிறான். கூட வந்தவன் கைவிட்டுப் போன ஒரு பள்ளிக்கூட டீச்சரைப் பார்க்கிறான், அவளும் அழகி என்று யாரும் சொல்லாத பெண். இருவரும் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இனிமேல்தான் விஷயம். கல்யாணம் கல்யாணம் என்று பிடுங்கிய அதே அம்மா, மகன் ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் பயந்துபோகிறாள். தன் சகோதரியை அவளுடைய மருமகள் வீட்டைவிட்டு அனுப்புகிற கதை அப்போது அந்தக் குடும்பத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அம்மாக்கள் பிள்ளைகளையே நம்பி இருக்கக் கூடாது என்று அந்த டீச்சர் யதார்த்தமாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள். முடிந்தது. மறுநாள் அம்மாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை, அவள் இத்தாலியப் பெண் இல்லை என்று காரணம் சொல்கிறாள். நண்பர்கள் அவள் முகத்தைக் கேலி செய்கிறார்கள், தங்கள் கூட்டாளி கைவிட்டுப் போகிறானே என்ற கடுப்பு அவர்களுக்கு. மார்ட்டி அன்றைக்குப் போன் பண்ணாமல் தெருவில் நிற்கிறான். வில்லன் யாருமில்லை. எல்லோருக்கும் தனிமை பயம், அந்தப் பயங்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. 1955இல் சுமார் 3.5 லட்சம் டாலரில் அதையே சினிமாவாக எடுத்தார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது, கேன்ஸ் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதும் வாங்கியது.

அப்படியானால் ஹால்மார்க்கில் ஏன் அம்மாக்கள் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை? பயம்தான், யாரும் முகம் சுளித்துவிடக் கூடாது என்ற பயம். கேபிள் சேனலின் பிழைப்பில் பெரும்பகுதி விளம்பரம். கதையே விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்ப ஒன்பது துண்டுகளாக எழுதப்படுகிறது. இரண்டு மணி நேரத்தில் கதைக்குக் கிடைப்பது ஒன்றரை மணிக்கும் குறைவு. இடைவேளையில் பார்வையாளர் எழுந்து போகாத அளவுக்கு ஆவல் வேண்டும், மனசு கனத்துப்போகவும் கூடாது. அதனால் மரணம் இருந்தால் படம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். சத்திரம் கடனில் மூழ்கும், ஆனால் எவ்வளவு கடன், யாருக்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஒரு ராத்திரி கேக் விற்று அடைத்துவிடுவார்கள். அரசியல் கிடையாது, சாமி பண்டிகையாக இருந்தும் சாமியைப் பற்றிய பேச்சுகூட அதிகம் கிடையாது.

இந்தப் பயம் 2019 டிசம்பரில் பொதுவெளிக்கே வந்தது. இரண்டு பெண்கள் மணமேடையில் முத்தமிடும் கல்யாண இணையதள விளம்பரம் ஒன்றை, ஓர் அமைப்பின் எதிர்ப்பைக் கண்டு சேனல் நிறுத்தியது. நிறுத்தியதற்கு எதிர்ப்பு அதைவிடப் பெரிதாக வர, சில நாளிலேயே மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதம் தலைமை நிர்வாகி பில் அபட் விலகினார், பிறகு வேறொரு குடும்பச் சேனலை நடத்தப் போனார். ஹால்மார்க்கின் நட்சத்திரமான கேண்டஸ் கேமரன் பியூரும் 2022இல் அங்கே போய்விட்டார். அதே 2022இல் ஹால்மார்க் இரு ஆண்களின் காதலை மையமாக வைத்து ஒரு கிறிஸ்துமஸ் படம் எடுத்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பாருங்கள், அவர்களையும் யாரும் எதிர்ப்பதில்லை. அதே குக்கி, அதே மாவு. மேசையில் உட்காரும் ஆட்கள் மாறினார்கள், மேசைப் பேச்சு மாறவில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. ஊருக்குத் திரும்பும் பெண் கடைசியில் நகரத்து வேலையை விட்டுவிடுகிறாள். விடட்டும், விட விரும்புகிற பெண்கள் இருக்கிறார்கள். அவள் அதற்காக ஒரு ராத்திரியாவது தூங்காமல் புரள வேண்டாமா? பத்து வருஷம் உழைத்த இடம். "நீ ஏன் நியூயார்க் வரக் கூடாது?" என்று ஒரு தடவை அவனைக் கேட்கலாமே. அவன் வாயடைத்து நிற்கும் அந்த அரை நிமிடம் நல்ல நகைச்சுவையாக இருந்திருக்கும்.

'மார்ட்டி'யை இன்று ஹால்மார்க்குக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். கறிக்கடை பேக்கரியாகும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினால் பேரழகி. அம்மா முதல் பார்வையிலேயே அவளைக் கட்டிக்கொண்டு பாட்டியின் குக்கிக் குறிப்பைக் கையில் கொடுப்பாள். நண்பர்கள் திட்டம் போட்டு இருவரையும் சேர்த்துவைப்பார்கள். பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்ட கதையை இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டுமே, அதற்குத்தான் அந்தப் பாதி கேட்ட போன் பேச்சு. அத்தை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: உண்மையான தடை இல்லாத இடத்தில் போன்தான் தடையாக வந்து நிற்கும்.

சின்ன ஊர் இருக்கட்டும், நுரைப் பனி இருக்கட்டும், கடைசி முத்தமும் இருக்கட்டும். நடுவில் ஓர் அம்மா மட்டும் "எனக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை" என்று சொல்லி, அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தால் போதும். பதினைந்து நாள் பதினாறு நாள் ஆகாது.

அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், முன்வரிசையில் ஒருவர் ஏற்கெனவே கை தூக்கிவிட்டார்.