வயலோரத்துக் கதிர்கள் யாருக்கு உரியவை?

நேயர்களுக்கு வணக்கம். உலகப் பசியையும் ஊட்டச்சத்துக் குறைவையும் எதிர்கொள்வதில் கிறிஸ்தவத் திருச்சபைகள் செய்யக்கூடியது என்ன என்பதைப் பற்றிப் பேச எனக்கு இடம் தந்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

ஐக்கிய நாடுகள் சபையின் ஐந்து அமைப்புகள் சேர்ந்து 2025-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பட்டினியில் வாடினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 15 கோடிப் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருக்கிறார்கள். 4 கோடிக்கும் அதிகமானோர் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருக்கிறார்கள். பூமி போதுமான அளவு விளைவிக்காததால் இந்த நிலை வந்துவிடவில்லை. 2022-இல் மட்டும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணாக்கப்பட்ட உணவு 100 கோடி டன்னுக்கும் அதிகம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்ததற்கு முதன்மையான காரணம் நாட்டில் அரிசி அற்றுப்போனதன்று, அதை வாங்கும் ஆற்றலை உழைக்கும் ஏழைகள் இழந்ததே என்று எடுத்துக்காட்டினார். இந்த உண்மையை உள்வாங்காத வரையில், திருச்சபையின் உதவி எவ்வளவு தாராளமாக இருந்தாலும், அது நோயின் வேரைத் தொடாமலே போய்விடும்.

இதற்கான வெளிச்சம் நம் வேதத்திலேயே இருக்கிறது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில், பயிரை அறுக்கும்போது வயலின் ஓரத்தில் இருப்பதைத் தீர அறுக்கவும், சிந்திக்கிடக்கும் கதிர்களைப் பொறுக்கவும் கூடாது என்று நிலத்தின் சொந்தக்காரனுக்கே கட்டளையிடப்படுகிறது. அவை எளியவனுக்கும், வேற்று நாட்டவனாகிய பரதேசிக்கும் உரியவை. கவனித்துப் பாருங்கள்: அறுத்துக் கட்டிய பிறகு மனமிரங்கி ஒரு கட்டை எடுத்துக் கொடு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அந்த ஓரத்தின் மேல் அரிவாளை வைக்கவே உனக்கு அதிகாரமில்லை என்கிறது. ஏழைகள் தாங்களே வந்து, தங்கள் கையாலேயே பொறுக்கிக்கொள்வார்கள். யாருக்கும் கைகட்டி நன்றி சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மோவாபியப் பெண்ணாகிய ரூத் பெத்லகேமின் வயலுக்குள் நுழைந்ததும் அந்த உரிமையின் பேரில்தான். பசித்தவனுக்கு உணவளிப்பதை நம்முடைய பெருந்தன்மையின் கணக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை, திருச்சபை முதலில் விட்டாக வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

அடுத்து, ஆதித் திருச்சபையின் ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில், எருசலேம் சபையில் நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்ற முறையீடு எழுகிறது. அன்பினால் நிறைந்திருந்த சபை அது. தங்கள் உடைமைகளை விற்றுப் பகிர்ந்துகொண்ட மக்கள் அவர்கள். ஆயினும் அங்கேயும், மொழியால் வேறுபட்ட, குரலற்ற பெண்களின் தட்டுகள் காலியாக இருந்தன. நல்ல மனம் மட்டும் இருந்தால் பங்கீடு தானாகவே சரியாக நடந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்போஸ்தலர்கள் அந்த முறையீட்டை முறுமுறுப்பு என்று அடக்கிவிடாமல், சபையாரைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் செய்து, பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று வரும் அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. அப்படியானால், விடுபட்டவர்களின் தரப்பைச் சேர்ந்தவர்களின் கையிலேயே பங்கீட்டின் நிர்வாகம் தரப்பட்டது என்று கருத இடமிருக்கிறது. இன்று எத்தனை சபைகளின் நிவாரணக் குழுக்களில், பசியை அனுபவித்து அறிந்த ஒருவருக்கேனும் இடம் இருக்கிறது? உதவி பெறுவோரின் பட்டியலை வசதியுள்ளவர்கள் மட்டுமே அமர்ந்து தயாரிக்கும்போது, யார் விடுபட்டார்கள் என்பது அவர்களின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஊட்டச்சத்துக் குறைவு விஷயத்தில் இந்தப் பார்வைக் குறை இன்னும் ஆபத்தானது. பட்டினி கண்ணுக்குத் தெரியும். இரும்புச்சத்தும் அயோடினும் வைட்டமின் ஏ-யும் போதாத உடல், வயிறு நிறைந்திருக்கும்போதும் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே இருக்கும். தாயின் கருவில் உருவான நாள் முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1,000 நாட்களில் குழந்தை இழக்கும் வளர்ச்சியைப் பின்னாளில் முழுமையாக மீட்பது மிகவும் கடினம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். ஐந்து வயதுக்குள் நேரும் குழந்தை மரணங்களில் ஏறத்தாழ பாதியோடு ஊட்டச்சத்துக் குறைவு தொடர்புடையதாக இருக்கிறது. இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு பிறக்கிறது: பண்டிகைக் காலத்தில் ஒரு வேளை விருந்தளிப்பதைக் காட்டிலும், ஒரு கர்ப்பிணியை மாதக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது பல மடங்கு பயனுள்ளது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதற்குத் தாய்க்கு வேண்டிய ஓய்வும் உணவும் கிடைக்கின்றனவா என்பதைச் சபையின் பெண்கள் ஐக்கியம் விசாரிக்கலாம். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்ணும் பெண்ணே, பெரும்பாலும் அந்த வீட்டின் மிகவும் சத்துக் குறைந்த உறுப்பினராக இருக்கிறாள் என்பதைப் போதகர்கள் பிரசங்க பீடத்திலிருந்தே துணிந்து சொல்லலாம்.

குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ணக்கோடிட்ட ஒரு நாடா இருக்கிறது. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், அது கடுமையான சத்துக்குறைவின் அடையாளம். உடனடியாகச் சிகிச்சை தேவை. இந்த அளவீட்டைத் தாய்மார்களே கற்றுக்கொண்டு சரியாகச் செய்ய முடிகிறது. எந்தச் சாலையும் எட்டாத குடியிருப்புகளிலும்கூட வாரந்தோறும் கூடுகின்ற சபைகள் இருக்கின்றன. அந்தக் கூடுகை ஒரு குழந்தையை உரிய நேரத்தில் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைக்கும் வாயிலாக மாறினால், அதை ஆராதனையிலிருந்து விலகிய வேலை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

தொலைவில் உள்ள பசிக்கு என்ன செய்வது? கிலவுதியு பேரரசன் காலத்தில் பஞ்சம் வரும் என்று அறிந்தபோது, அந்தியோகியாவிலிருந்த சீஷர்கள் தங்கள் திராணிக்குத் தக்கதாகத் திரட்டி, யூதேயாவிலிருந்த சகோதரருக்குப் பர்னபா, சவுல் ஆகியோரின் கையில் அனுப்பினார்கள். பஞ்சம் முற்றுவதற்கு முன்பே அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்டதையும், பொருள் நம்பிக்கைக்குரிய கைகளில் ஒப்படைக்கப்பட்டதையும் நாம் இன்றும் பின்பற்றலாம். கனடாவில் 1983-ஆம் ஆண்டில் பல சபைப் பிரிவுகள் இணைந்து நிறுவிய உணவுதானிய வங்கி, தொடக்கத்தில் உழவர்களின் தானியத்தையே கடல்கடந்து அனுப்பியது. ஆனால் தானியத்தைக் கப்பலேற்றுவதைவிடப் பஞ்சப் பகுதிக்கு அருகிலேயே வாங்குவது விரைவானது, அங்குள்ள உழவர்களையும் வாழவைப்பது என்ற வாதம் வலுத்தது. 2008-இல் கனடா அரசு, உணவு உதவியை உள்நாட்டிலேயே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது; அம்மாற்றத்தை வலியுறுத்தியவர்களில் அந்தச் சபைகளும் இருந்தன. தங்கள் சொந்த விளைச்சலுக்குக் கிடைக்கும் பெருமையைவிடப் பசித்தவரின் நன்மையைப் பெரிதாக எண்ணிய அந்த மனநிலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

உதவிக்கு நிபந்தனை இருக்கக் கூடாது என்பதையும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். உலகத் திருச்சபைகள் மன்றமும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், கத்தோலிக்கத் திருச்சபையின் உதவி அமைப்பான காரித்தாஸும் செஞ்சிலுவை இயக்கத்துடன் சேர்ந்து 1994-இல் முன்வைத்த நடத்தை விதிகள், நிவாரணத்தை எந்தவொரு சமய நிலைப்பாட்டையும் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. உணவைத் தூண்டிலாக்குவது பசித்தவரையும் அவமதிக்கிறது, நற்செய்தியையும் அவமதிக்கிறது.

கடைசியாக, ஆட்சியாளர்களிடம் பேசுவது. பல சபையார் தயங்குவது இந்த இடத்தில்தான். அரசியல் நமக்கெதற்கு என்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள செசரியா நகரில் பஞ்சம் வந்தபோது, அங்கு திருப்பணியாளராக இருந்த பசில் ஏழைகளுக்கு உணவளித்ததோடு நிற்கவில்லை. தானியத்தைப் பதுக்கிவைத்து விலையேற்றத்துக்காகக் காத்திருந்த செல்வந்தர்களைத் தம் பிரசங்கத்தில் நேருக்கு நேர் கண்டித்து, களஞ்சியங்களைத் திறக்கச் செய்தார். இன்று பசியை உண்டாக்கும் காரணங்களில் முதலிடத்தில் இருப்பது போர். பொதுமக்களைப் பட்டினி போடுவதை ஒரு போர்முறையாகக் கையாளுவதை ஐ.நா. பாதுகாப்புச் சபை 2018-ஆம் ஆண்டு தன் 2417-ஆம் தீர்மானத்தில் கண்டித்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கொடுமை தொடர்கிறது. 2025-இல் பல பணக்கார நாடுகள் வெளிநாட்டு உதவித்தொகையைக் கடுமையாகக் குறைத்துவிட்டன. அந்த வெட்டுகளை ஈடுசெய்யும் அளவுக்கு எந்தக் காணிக்கைப் பெட்டியும் பெரியதன்று. ஆகவே சபைகள் தங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் குழுவாகச் சென்று சந்திக்க வேண்டும். முற்றுகையிடப்பட்ட பகுதிகளுக்கு உணவு வண்டிகள் செல்ல வழி திறக்கும்படியும், தாய் சேய் ஊட்டச்சத்துத் திட்டங்களுக்கான நிதியைக் குறைக்காமலிருக்கும்படியும் கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் சென்று, கேட்டது என்னவாயிற்று என்று விசாரிக்க வேண்டும்.