பிள்ளையை ரெஸ்ஸுக்கு அனுப்பலாமா?

(2021 மார்ச் முதல் வாரத்துக்கான வானொலி உரை)

வணக்கம், நேயர்களே. நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் குடும்ப டாக்டராக இருக்கிறேன். பிப்ரவரி 22ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்பு மேட்ரிக் முடிவுகள் வந்ததிலிருந்து, என்னிடம் வருகிற பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சர்க்கரைக்கு மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் அது வாயைவிட்டு வரும். "டாக்டர், பிள்ளைக்கு யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சிருக்கு. ரெஸ்ஸுக்கு அனுப்பலாமா?" ரெஸ் என்றால் யுனிவர்சிட்டி விடுதி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் அனுப்பலாம். ஆனால் பெட்டி கட்டுவதற்கு முன் வீட்டைத் தயார் செய்ய வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

உங்கள் பயத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. போன வருஷம் மார்ச் 5ஆம் தேதி, நம்முடைய குவாசுலு-நாட்டால் மாகாணத்தில்தான் நாட்டின் முதல் கொரோனா தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு வருஷத்துக்குள் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 15 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 50,000. இந்த ஜனவரியில் நம் தெருக்களில் எத்தனை வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். சாவுக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்பதால், சொந்த அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாசலோடு நின்றவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அந்த இரண்டாவது அலையில் இளைஞர்களுக்கும் பங்கு இருந்தது. நவம்பர் கடைசியில், கொண்டாட்டத்துக்காகப் பாலிட்டோ கடற்கரைக்குப் போன மேட்ரிக் பிள்ளைகள் பலர் தொற்றோடு வீடு திரும்பினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் 15 முதல் 19 வயதுக்காரர்களிடம் தொற்று அதிகம் என்று சுகாதார அமைச்சர் ஸ்வெலி ம்கீஸே சொன்னார். அதே மாதம், இங்கே டர்பனில் நம் மருத்துவக் கல்லூரியில் இருக்கிற க்ரிஸ்ப் ஆய்வகத்தார், வேகமாகப் பரவுகிற புதிய வகைக் கிருமியை அடையாளம் கண்டார்கள். ஆகவே பயப்படுகிற பெற்றோரைப் பார்த்து 'சும்மா பயப்படுகிறீர்கள்' என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் யாருக்காகப் பயப்படுகிறோம் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு ஆஸ்துமாவோ, சர்க்கரையோ, வேறு பெரிய வியாதியோ இல்லையென்றால், இந்தக் கிருமி வந்தாலும் பெரும்பாலும் காய்ச்சல், உடம்புவலி, சில நாள் வாசனை தெரியாமல் போவது என்று முடிந்துவிடுகிறது. ஆபத்து யாருக்கு என்றால், அதே வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிற ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு. நம் குடும்பங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே ஆபத்தைக் கணக்குப் போட, பிள்ளை எங்கே போகிறது என்பதோடு, போய்விட்டு யாரிடம் திரும்பி வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஒரு விஷயம் தலைகீழாகிறது. பல பெற்றோர், "ரெஸ் வேண்டாம், வீட்டில் இருந்தே தினம் வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போய் வரட்டும், அதுதான் பாதுகாப்பு" என்கிறார்கள். அந்தப் பிள்ளை காலையில் மினிபஸ் டாக்சியில் பதினைந்து பேரோடு போகும், சாயங்காலம் அதேபோல் வரும். டாக்சி ஜன்னல்கள் இரண்டு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது திறந்திருக்க வேண்டும் என்பது இந்தக் கொரோனா கால விதி. மழை பெய்தால், குளிர் காற்று அடித்தால் யார் திறந்து வைக்கிறார்கள்? அங்கே பிடித்த கிருமியை அன்று ராத்திரியே ஆயாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பகிர்ந்துகொள்கிறது. ரெஸ்ஸில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கும் தொற்று வரலாம். ஆனால் அது ஆயா படுத்திருக்கிற அறைக்குப் பக்கத்தில் வராது. வீட்டில் வயதானவர் இருந்தால், தினம் போய் வருவதைவிட ஒரு தவணை முழுக்க அங்கேயே தங்குவது நல்லது என்றுதான் நான் சொல்லி வருகிறேன். ரெஸ்ஸுக்குக் கட்டணம் கட்ட முடியாமல் தினம் போய் வந்தே ஆகவேண்டும் என்றால், பிள்ளைக்கு வாய் மூக்கு இரண்டையும் இறுக்கமாக மூடுகிற முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். டாக்சியில் ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறக்கச் சொல்லி டிரைவரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இப்போது போன வருஷத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் சில நாள் அவகாசத்தில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகள் துணிமணியோடு வீட்டுக்கு வந்தார்கள். ஜூனில் ஊரடங்கு மூன்றாம் நிலைக்கு இறங்கியபோது மூன்றில் ஒரு பங்கு மாணவர்களுக்குத்தான் வளாகத்தில் இடம். மற்றவர்களுக்கு மாதம் 30 ஜிகாபைட் டேட்டா கொடுத்தார்கள். அதில் பகலுக்குப் பத்து, நடுராத்திரிக்கு மேல் இருபது. பிள்ளை எல்லாரும் தூங்கிய பிறகு படிக்க வேண்டும் என்று அர்த்தம். நடுவில் லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டு வந்தால் அதுவும் போச்சு. இரண்டு படுக்கையறை உள்ள வீட்டில் ஏழு பேர் இருந்தால், லெக்சர் எங்கே உட்கார்ந்து கேட்பது?

என்னிடம் தலைவலி என்று வந்த ஒரு பெண்ணைப் பற்றி, அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். இரண்டாம் வருஷம் அறிவியல் படிக்கிறாள். கண்ணைச் சோதித்தேன், பிரஷர் பார்த்தேன், எல்லாம் சரி. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்டேன். விடியற்காலை மூன்று மணி என்றாள். பகலில்? ஒரு காதில் இயர்போன், கேமராவை அணைத்துவிட்டு, லெக்சர் ஓட ஓட ரொட்டி உருட்டுவாளாம். நடுநடுவே தாத்தாவுக்கு மாத்திரை, தம்பிக்குச் சாப்பாடு, துணி காயப்போடுவது. கதவு உள்ள அறை அண்ணனுக்கு. அவனுக்கும் ஆன்லைன் வகுப்பு. வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளைக் கொடுமைப்படுத்தினார்கள் என்றும் சொல்லமாட்டேன். கண்ணெதிரே ஒரு பெண் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு வேலை சொல்வது நம் வீடுகளில் பழக்கமாகிப் போயிருக்கிறது. அவள் அந்த வருஷம் இரண்டு பாடத்தில் தேறவில்லை. அதற்கு முன் எந்தப் பாடத்திலும் தோற்றவள் இல்லை.

அதனால் இதை எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் சொல்கிறேன். கொரோனாவைக் காரணம் காட்டி மகளை வீட்டில் நிறுத்தாதீர்கள். மகனுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டு, மகளிடம் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்கிற வீடுகளை இந்த ஒரு மாதத்தில் நான் பார்த்துவிட்டேன். கிருமி மகன் மகள் என்று பார்ப்பதில்லையே. சால்ஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கல்லூரி 1961இல் திறந்தபோது, படகில் ஏறி அந்தத் தீவுக்குப் போய்ப் படித்தார்கள் நம் முன்னோர். அன்றைய நிறவெறி அரசாங்கம் எதையும் வசதியாகச் செய்து தரவில்லை. அப்படி வாங்கிய படிப்பு இது.

எல்லாரும் அனுப்பியே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாடத்துறைக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள்: இந்தத் தவணையில் நேரில் வரவேண்டிய வகுப்பு எது? மருத்துவம், நர்சிங், ஆய்வகம் உள்ள பாடங்கள் என்றால் கையால் தொட்டுத்தான் கற்க முடியும். உடற்கூறு அறையை லேப்டாப்பில் காட்ட முடியாது. நான் அந்த அறையில் படித்தவள். முழுக்க ஆன்லைன்தான் என்று சொன்னால், வீட்டில் கதவு உள்ள ஒரு அறையும் நல்ல இணைப்பும் இருந்தால், ஒரு தவணை வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைக்கே பெரிய வியாதி இருந்தாலும் அப்படித்தான். அதோடு, மறுபடி ஊரடங்கு வந்து அறையைக் காலி செய்யச் சொன்னால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 350,000 ரேண்டுக்கு மேல் போனதால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்கிற அரசு மாணவர் நிதி உதவி கிடைக்காத வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்தப் பேச்சில் பிள்ளையும் உட்கார்ந்திருக்க வேண்டும். 18 வயது ஆனவர் நம் சட்டப்படி பெரியவர். அவரை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் மாமாவும் முடிவெடுத்தால், அங்கே போனதும் அந்த முடிவில் இருக்கிற ஒரு கட்டுப்பாட்டையும் அவர் மதிக்கமாட்டார். தானே ஒப்புக்கொண்டதைத்தான் மனிதர் காப்பாற்றுவார்.

ரெஸ்ஸில் எங்கே கவனம் வேண்டும் என்றால், பொதுக் கிச்சனில். லெக்சர் ஹாலில் இடைவெளி விட்டு உட்கார வைக்கிறார்கள், வாசலில் ஹெல்த்செக் என்கிற உடல்நிலைக் கேள்விப் பதிவைக் காட்டச் சொல்கிறார்கள். கிச்சனில்தான் முகக்கவசம் இறங்குகிறது, நாலு பேர் பேசிக்கொண்டே சமைக்கிறார்கள், ஜன்னல் மூடியிருக்கிறது. சமைத்ததை அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடச் சொல்லுங்கள். தொற்று வந்த மாணவரை எங்கே தனியாக வைப்பார்கள், சாப்பாடு யார் கொடுப்பார்கள் என்று விடுதிப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். ஐவர்மெக்டின் மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது காப்பாற்றும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை; தெரு மூலையில் விற்கிறதில் என்ன இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

அடுத்தது வீடு. ஈஸ்டர் ஏப்ரல் 4ஆம் தேதி. அப்போது பிள்ளைகள் வருவார்கள். பின்னால் அவுட்பில்டிங் இருந்தால் அதைச் சுத்தம் செய்து, பத்து நாள் அங்கே படுக்கட்டும். இல்லாவிட்டால், ஆயா இருக்கிற அறைக்குள் முகக்கவசத்தோடு போகட்டும், சாப்பாடு தனியாக, ஜன்னல்கள் திறந்தபடி. கட்டிப்பிடிக்காமல் இருப்பது கஷ்டம்தான். இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்காமல் வீட்டிலேயே பூஜை வைத்தோமே, அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிப்ரவரி 17ஆம் தேதி தொடங்கிய சிசோன்கே தடுப்பூசித் திட்டம் இப்போதைக்கு எங்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்கு மட்டும்தான். ஆயாவின் முறை இன்னும் வரவில்லை. அது வரும்வரை இந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. பிள்ளை புறப்படும் அன்றே சொல்லிவிடுங்கள்: "உனக்கு இருமல் வந்தால், காய்ச்சல் வந்தால், எங்கே போனாய், யாரோடு சுற்றினாய் என்று திட்டமாட்டோம். உடனே ஃபோன் பண்ணு. டாக்சி ஏறி வீட்டுக்கு வராதே." திட்டுக்குப் பயந்து இருமலை மறைக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் மறைத்த அந்த இரண்டு மூன்று நாளில்தான் வீடு முழுக்கப் பரவியிருக்கும்.

கடைசியாக, முடிந்தால், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற ஆக்சிமீட்டர் ஒன்று வாங்குங்கள். தனியாக முடியாவிட்டால் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கலாம். யாருக்காவது தொற்று வந்தால் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் பாருங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். 95க்குக் கீழே போனால் உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள். 90க்குக் கீழே என்றால், மணி என்னவாக இருந்தாலும் ஆர்.கே.கான் ஆஸ்பத்திரியோ உங்களுக்குப் பக்கத்தில் எதுவோ, அங்கே போய்விடுங்கள். "மூச்சு நன்றாகத்தான் விடுகிறேன்" என்று ஆயா சொன்னாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நன்றி. வணக்கம்.