2352-இல் இரண்டு 2: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன தடவை சரக்கு வண்டிகளுக்கு வர்ணம் அடிப்பதைக் காட்டினேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி மூன்று நாளாக என்னை விடவில்லை. "அண்ணா, ஜிஎல் காரட் நீராவி இஞ்சினின் குட்டி மாதிரி ஒன்றை 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, செய்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் பழைய ரயில்வே எழுத்து ஒன்றைத் தேடி எடுத்து, 2352 என்று அச்சடித்து ஒட்டினேன். அளவு சரி, நிறமும் சரி. ஆனாலும் ஸ்டிக்கர் மாதிரியே தெரிகிறது. எந்த ஃபான்ட் போட வேண்டும்?"

முதலில் சபாஷ் தம்பி. ஜிஎல் என்றால் சும்மாவா! காரட் என்பது நடுவில் ஒரே கொதிகலனும் முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதியும் உள்ள இஞ்சின், அதில் ஒரு ரகம் ஜிஎல். 1929, 30 வாக்கில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பேயர் பீகாக் கம்பெனி கட்டிக் கொடுத்தது, மொத்தமே எட்டுதான். நம் டர்பனிலிருந்து கேட்டோ ரிட்ஜுக்கு ஏறுகிற மலைப்பாதைக்காக வந்தவை. அதில் 2352 பிறந்த ஊருக்கே திரும்பிப்போய், மான்செஸ்டரின் அறிவியல், தொழில் மியூசியத்தில் இருக்கிறது.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். அசல் வண்டியில் அந்த எழுத்தைப் போட்டது எந்தக் கை? அதை முதலில் கேளுங்கள். பிரஷ் பிடித்த கையா, தகட்டை வெட்டி ஸ்டென்சில் வைத்த கையா, பித்தளை வார்த்த கையா? இந்த மூன்றில் எதுவும் ஃபான்ட் பார்த்து எழுதியதில்லை.

இஞ்சினின் நம்பர் பலகை வார்ப்பு. மரத்தில் அச்சு செய்து, மணலில் பதித்து, அச்சை மேலே உருவி எடுப்பார்கள். எழுத்தின் பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் உருவும்போது மணல் இடிந்துவிடும். அதனால் சாய்வு கொடுப்பார்கள்: அடியில் அகலம், மேலே கொஞ்சம் குறுகல். குத்துவிளக்கு வார்க்கிறவரைக் கேட்டால் இதையேதான் சொல்வார். வெயில் விழுவது அந்தச் சாய்வில்தான். தட்டையான ஸ்டிக்கரில் அது எங்கிருந்து வரும்?

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு பூங்காவில் நிறுத்திவைத்த இஞ்சினின் பலகை மேல் மெல்லிய தாளை வைத்து, கிரேயானால் தேய்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி ஓடி வந்துவிட்டார். பித்தளைத் திருடன் என்று நினைத்துவிட்டார், பாவம், அவர் மேல் தப்பில்லை. தாளில் 3 தெரிந்ததும் அவரே கிரேயானை வாங்கி மீதியைத் தேய்த்தார்! அந்தத் தாளில்தான் பார்த்தேன், ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு ஓரம், சாய்வின் மேலே ஒன்று, அடியில் ஒன்று.

ஆகவே தம்பி, பலகையை அச்சடிக்காதே. மெல்லிய பித்தளைத் தகட்டில் எட்சிங் (அமிலம் போன்ற திரவத்தால் அரித்துப் பள்ளம் எடுப்பது) செய்து வாங்கு. பள்ளத்தில் வர்ணம் விட்டு, காய்ந்ததும் மேல்பரப்பை நைசான தாளால் ஒரு தேய்ப்பு, போதும்.

சரக்கு வண்டியில் பிரஷ் எழுத்து என்றால் கதையே வேறு. அங்கே ஒரே எண்ணில் இரண்டு 2 வந்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்று போல இருக்காது. கம்ப்யூட்டரோ ஒரே 2-ஐத்தான் இரண்டு தரம் தரும். கண் அதைக் கண்டுபிடித்துவிடும், ஏன் என்றுதான் சொல்லத் தெரியாது. ஒரு 2-இன் வாலைச் சற்றே நீட்டிவிடுங்கள். 8 அங்குல எழுத்து 1:87-இல் 2.3 மில்லிமீட்டர்தான் வரும், ஆனாலும் தெரியும். அப்புறம், சுத்த வெள்ளை வேண்டாம், துளி பழுப்பு சேர்த்த வெள்ளை. எழுத்து ஸ்டிக்கரை ஒட்டும் முன் வண்டியின் மேல் பளபள வார்னிஷ் பூசுங்கள், இல்லாவிட்டால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுக்கும்.

உண்மையில் நீங்கள் என்னிடம் கேட்க வேண்டியது, எந்த வருஷம் என்பதை. நேட்டால் அரசு ரயில்வேயின் இஞ்சின் 1910-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் ரயில்வேக்குப் போனது. 1912 ஜனவரி 1-இலிருந்து அதற்குப் புது நம்பர். ரயில்வேயின் டச்சுப் பெயர் இசட்டில் தொடங்கும், ஆஃப்ரிகான்ஸ் பெயர் எஸ்ஸில். ஆஃப்ரிகான்ஸ் ஆட்சிமொழியானது 1925-இல். ஒரே இஞ்சின், வருஷம் மாறினால் எழுத்தும் மாறும். தம்பியின் ஜிஎல் அதற்கப்புறம் வந்தது, அந்தத் தலைவலி இல்லை.

நம்பர் என்றதும் இன்னொன்று. எங்கள் கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்து நேட்டால் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். கப்பலில் வந்த எல்லோருக்கும் போல அவருக்கும் ஒரு காலனி நம்பர், பதிவேட்டில் மையால் எழுதியது. அதன் நகலைப் பார்த்தபோது முதலில் என் கண் போனது பேருக்கு அல்ல, எழுதிய குமாஸ்தாவின் 7 மேல். வீட்டில் நல்லா திட்டு வாங்கினேன்.

சரி தம்பி, உன் இஞ்சினை நேர் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பு, சாய்த்து எடுக்காதே. பலகை எத்தனை மில்லிமீட்டர் வர வேண்டும் என்று அடுத்த தடவை அளந்து காட்டுகிறேன்.