ரசீது மட்டும் கணக்கு ஆகாது

அவையோருக்கு வணக்கம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு நன்கொடை என்றால் மட்டும் அளவும் இல்லை, கணக்கும் இல்லை. "தர்மத்துக்குக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பதா?" என்று கூச்சப்படுகிறோம். நான் ஆடிட்டர், கணக்குக் கேட்டுத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. உங்களையும் கேட்கச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கேட்கிற சிலரும் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்? குறைவாக இருந்தால் நல்ல டிரஸ்ட், அதிகமாக இருந்தால் சுருட்டுகிறார்கள். எனக்கு இந்த அளவுகோலில் நம்பிக்கையே இல்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைப் பாருங்கள். 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரி டாக்டரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்று அதன் விதிகளே சொல்கின்றன. ஆராய்ச்சி அமைப்பில் களத்தகவல் திரட்டுபவர், அதை ஆராய்பவர் சம்பளமும் சேராது. நியாயம்தான், ஆராய்ச்சிச் செலவில் பெரும்பங்கு சம்பளம்தானே. ஆக, எதை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தச் சதவீதம் ஏறும், இறங்கும்.

அதைவிட இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். பணம் கட்ட முடியாத நோயாளிக்கு உண்மையில் என்ன போய்ச் சேர்ந்தது? மீந்த பணம் எங்கே இருக்கிறது?

முதல் கேள்வியில்தான் வேடிக்கை அதிகம். ஓர் அறுவை சிகிச்சைக்கு விலைப்பட்டியலில் 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்கு ஆகிற உண்மைச் செலவு 55,000. ஏழை என்று சொல்லி நோயாளியிடம் 60,000 வாங்குகிறார்கள். ஆண்டறிக்கையில் "ஏழைகளுக்கான சலுகை: 40,000" என்று ஏறிவிடும். கையில் 5,000 மிச்சம், பெயரில் 40,000 தர்மம்! இதில் பொய்க் கையெழுத்து எதுவும் இல்லை, தணிக்கையிலும் தப்பித்துவிடும். அதனால் சலுகைத் தொகையைப் பார்த்ததும், விலைப்பட்டியல்படி போட்டதா, அடக்கச் செலவுப்படி போட்டதா என்று கேளுங்கள்.

மகாராஷ்டிராவில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். 2006இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்ற திட்டம் அது. அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். மற்ற நோயாளிகளின் பில் தொகையில் 2 சதவீதத்தைத் தனி நிதியில் போட வேண்டும். ஏழை நோயாளியின் பில்லை அந்த நிதியில்தான் கழிக்கலாம். அதுவும் மருந்தை வாங்கிய விலைக்கே கணக்கிட்டு. இதையெல்லாம் கேட்க அங்கே ஓர் அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். நம் மாநிலத்தில் மருத்துவமனை டிரஸ்ட்களுக்கென்று அப்படி ஒருவர் இல்லை.

சரி, மீந்த பணம். மிச்சம் பிடிப்பது பாவமில்லை. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துபவர்களிடம் மீந்ததை வைத்துத்தான் செலுத்த முடியாதவர்களுக்கும் பார்வை கொடுத்தது. டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு வேண்டுமானால் அதன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். புதுக் கட்டடம் கட்டினாலும், ஸ்கேன் இயந்திரம் வாங்கினாலும் அதுவும் அந்த 85க்குள் வந்துவிடும். அந்தக் கட்டடம் முழுக்கத் தனி அறைகளாக இருந்தாலும்கூடத்தான். "85 சதவீதம் தர்மத்துக்குச் செலவழித்துவிட்டோம்" என்று யாராவது மேடையில் சொன்னால், உடனே கைதட்டிவிடாதீர்கள். ஐந்தொகையில், அதாவது பேலன்ஸ் ஷீட்டில், நிலையான சொத்துகள் எவ்வளவு ஏறியிருக்கிறது, வைப்புநிதி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள்.

ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணத்துக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சிகிச்சை நடந்ததா என்று நோயாளியைக் கேட்கலாம்; ஆராய்ச்சி நடந்ததா என்று யாரைக் கேட்பது? ஒரு காலத்தில் அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சி அமைப்புக்கு 100 ரூபாய் கொடுத்தால், வரி போடும் வருமானத்தில் 175 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். நன்கொடையைக் காசோலையாக வாங்கி, கமிஷன் போக மீதியைக் கொடுத்தவரிடமே ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்த கூத்து 2015இல் கொல்கத்தாவில் வருமான வரித் துறையிடம் பிடிபட்டது. அந்தச் சலுகை பிறகு 150 ஆகி, 2020க்குப் பின் வெறும் 100 ஆனது. அரசு தன் பணத்தைக் கொடுக்கும்போது எவ்வளவு கறார் பாருங்கள்: கொடுத்த காரியத்துக்கே செலவானது என்று பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கிறது, கிராண்ட் பணம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டியைக்கூடத் திருப்பிக் கேட்கிறது. நாம் வரிவிலக்குச் சான்றிதழோடு வீட்டுக்குப் போய்விடுகிறோம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று கொடுத்தீர்களா? அது தனி நிதியாகக் கணக்கில் நிற்கிறதா, பொதுப்பணத்தோடு கலந்துவிட்டதா என்று ஒரு கடிதம் போடுங்கள்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை, முறைகேடு நடப்பதாகவும் தெரிகிறது, அப்புறம் என்ன செய்வது? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இருக்கிறது. பொது அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போடலாம். கணக்கை ஒப்படைக்கச் சொல்லவும், அறங்காவலரை நீக்கிப் புதியவரை அமர்த்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.