பத்தியைப் படிக்காமலே விடையா? சீன மாணவர்களோட இங்கிலீஷ் தேர்வு ரகசியம்

"மூணு நீளம், ஒண்ணு குட்டையா? குட்டையை எடு. மூணு குட்டை, ஒண்ணு நீளமா? நீளத்தை எடு. ரெண்டுக்கு ரெண்டா? பி போடு. எதுவுமே ஒத்து வரலையா? சி போடு, போய்க்கிட்டே இரு."

சீனாவுல இங்கிலீஷ் தேர்வு எழுதுற பசங்க கிட்ட வழிவழியா வர்ற பாட்டு இது. கேள்விக்குக் கீழ நாலு விடை இருக்கும்ல? அந்த நாலுல எது நீளம், எது குட்டைன்னு மட்டும் பார்த்து விடைத்தாள்ல கட்டத்தை நிரப்புற வித்தை. பத்தியைப் படிக்க வேண்டாம், கேள்வியைக்கூடப் படிக்க வேண்டாம்!

வணக்கம் மக்களே. இந்தப் பாட்டு வேலை செய்யுமான்னு கேட்டா, செய்யாது. இப்பவே சொல்லிடுறேன், வீடியோ கடைசி வரைக்கும் உங்களைக் காக்க வைக்க மாட்டேன். கேள்வித்தாள் தயாரிக்கிறவங்களும் இதே பாட்டைக் கேட்டு வளர்ந்தவங்கதான். ஆனா பத்து வருஷத்துக்கு மேல இங்கிலீஷ் படிச்ச ஒரு பையன் ஏன் இப்படி ஒரு பாட்டை நம்புற நிலைமைக்கு வர்றான்? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். நடுவுல தமிழ் வரும். சும்மா ஊர்ப் பாசத்துக்காக இழுத்துட்டு வரல, நிஜமாவே அங்க தமிழுக்கு வேலை இருக்கு.

[திரையில்: ஜூன் 7, தேர்வு மையத்துக்கு வெளியே பெற்றோர் கூட்டம்]

பின்னணி, வேகமா. பள்ளி முடிக்கிறவங்க கல்லூரியில சேர எழுதுறது 'காவ்காவ்'. கலாச்சாரப் புரட்சியில நின்னு போய், 1977-ல திரும்ப வந்த தேர்வு. 2024-ல இதுக்குப் பதிவு பண்ணவங்க 1 கோடியே 34 லட்சம் பேர். இங்கிலீஷுக்கு 150 மதிப்பெண், அதுல பத்தி படிச்சு பதில் சொல்றதுக்கு மட்டும் 50. கல்லூரிக்குப் போனா சிஇடி-4ங்கிற இங்கிலீஷ் தேர்வு, அப்புறம் அதுக்கு அடுத்த படி சிஇடி-6. மேற்படிப்புக்குப் போகணும்னா 'காவ்யான்'. இந்த எல்லாத்துலயும் இங்கிலீஷ் உண்டு, எல்லா இங்கிலீஷ் தாள்லயும் பத்தி உண்டு. காவ்யான் எழுதுறவங்க ஒண்ணு சொல்வாங்க: "வாசிப்பைப் பிடிச்சவனுக்கு நாடே கையில." பழைய ராஜா காலத்து வசனம் மாதிரி இருக்குல்ல? அது வெறும் பில்டப் இல்ல. கணக்கு போட்டுக் காட்டுறேன்.

[திரையில்: 710]

சிஇடி-4-க்கு மொத்த மதிப்பெண் 710. ஏன் 710-னு இப்ப கேட்காதீங்க, அது தனிக் கதை. அதுல 35 சதவீதம் வாசிப்பு. நேரம் 40 நிமிஷம், கேள்வி 30, மூணு பகுதி.

முதல் பகுதியில ஒரு பத்தியில 10 காலி இடம், கீழ 15 வார்த்தை, பொருத்தமானதை எடுத்து வைக்கணும். இந்தப் பத்துக்கும் சேர்த்து 5 சதவீதம்தான். அப்படின்னா ஒரு கேள்விக்கு 3.55 மதிப்பெண். ரெண்டாவது, ஒரு நீளமான கட்டுரை, கூடவே 10 வாக்கியம். எந்த வாக்கியம் எந்தப் பத்தியில இருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்கணும். ஒண்ணுக்கு 7.1. மூணாவது, ரெண்டு சின்னக் கட்டுரை, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கேள்வி. இங்க ஒரு கேள்விக்கு 14.2!

முதல் பகுதியில நாலு கேள்வி சரியா போட்டாத்தான் மூணாவது பகுதியோட ஒரே ஒரு கேள்விக்குச் சமம். ஆனா வாசிப்புல முதல்ல உட்கார்ந்திருக்கிறது அந்த 3.55 தான். விவரம் தெரியாத பிள்ளை வரிசையா ஆரம்பிச்சு, அந்த 15 வார்த்தையோட மல்லுக்கட்டி 15 நிமிஷத்தைத் தொலைச்சிடும். விவரம் தெரிஞ்ச சீனியர் சொல்ற முதல் அறிவுரை: "கடைசியில இருந்து ஆரம்பி." சுத்தமான கணக்கு இது. காவ்யான்லயும் இதே விகிதம்தான். காலி இடம் நிரப்பினா ஒண்ணுக்கு அரை மதிப்பெண், பத்திக் கேள்விக்கு ரெண்டு. தயாரிப்புல எதுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்னு இந்த எண்களே சொல்லிடுது.

சரி, நேரத்தைச் சரியா பிரிச்சாச்சு. அப்பவும் தப்பு வருதே, ஏன்?

[திரையில்: ஒரு தொப்பி, ரெண்டு தலை]

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தப்பான விடைகளுக்குச் சீன டியூஷன்காரங்க பேரு வச்சிருக்காங்க! நானே ஒரு குட்டிப் பத்தி எழுதுறேன், பாருங்க.

"ஒரு நகராட்சி நூலகம், தாமதமா கொடுத்தா வாங்குற அபராதத்தை ரத்து செஞ்சது. பல வருஷமா வீடுகள்ல கிடந்த புத்தகங்கள் சில திரும்பி வந்துச்சு. வருமானம் போச்சேன்னு நகராட்சி உறுப்பினர் ஒருத்தர் வருத்தப்பட்டார்."

கேள்வி: எது சரி?

ஏ: ஊழியர்கள் வீடு வீடா போய் புத்தகங்களை வாங்கிட்டு வந்தாங்க.
பி: அபராத வருமானம் போச்சேன்னு நூலகர் வருத்தப்பட்டார்.
சி: அபராதம் ரத்தானதும் எல்லாப் புத்தகமும் திரும்பி வந்துச்சு.
டி: பணம் கட்ட வேண்டியதில்லைன்னு ஆனதும், சில வாசகர்கள் இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தாங்க.

ஏ-வுல சொல்ற விஷயம் பத்தியிலயே கிடையாது. இதுக்குப் பேரு 'இல்லாததுல இருந்து ஒண்ணை உருவாக்குறது'. சீனாவோட பழைய 36 போர்த் தந்திரங்கள்ல ஏழாவது தந்திரத்தோட பேரு இது. எதிரியை ஏமாத்தச் சொன்னது, இங்க பரீட்சை எழுதுற பிள்ளையை ஏமாத்துது! பி-யில வருத்தம் நிஜம், பட்டவர் வேற ஆள். அதுக்குப் பேரு 'ஜாங்கோட தொப்பியை லீ தலையில மாட்டுறது'. ஜாங், லீ ரெண்டும் சீனாவுல தெருவுக்குத் தெரு இருக்கிற குடும்பப் பேரு. சி-யில 'சில' போய் 'எல்லா' வந்துடுச்சு.

இப்ப டி-யைக் கவனிங்க. 'அபராதம்' இல்ல, 'ரத்து' இல்ல, 'திரும்பி வந்துச்சு' இல்ல. பத்தியோட முக்கியமான வார்த்தைகளை விட்டுட்டு அதே பொருளைச் சொல்லுது. சரியான விடை பெரும்பாலும் இப்படி வேஷம் மாத்திக்கிட்டுத்தான் வரும். பத்தியில பார்த்த வார்த்தை அப்படியே விடையில தெரிஞ்சா பிள்ளைங்க மனசு அங்க ஓடும். கேள்வி எடுக்கிறவர் அதைத் தெரிஞ்சே அங்க பொறி வச்சிருப்பார். அதனால சீனாவுல நல்லா தயாராகிற பசங்க தனி நோட்டு போட்டு, பழைய கேள்வித்தாள்ல பத்தியில என்ன சொல், விடையில அது என்னவா மாறுச்சுன்னு எதிரெதிரே எழுதி வைப்பாங்க. அகராதியை ஏ-யில இருந்து மனப்பாடம் பண்றதை விட இது எவ்வளவோ மேல்ங்கிறது என் கட்சி. உங்க கட்சி என்னன்னு கமெண்ட்ல சொல்லுங்க.

ஆனா இதெல்லாம் பண்ணியும் ஒரு இடத்துல முட்டும். வார்த்தை எல்லாம் தெரியும், வாக்கியம் மட்டும் புரியாது. இந்த வீடியோவே இதுக்காகத்தான். கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

[திரையில் வாக்கியம் ஒவ்வொரு சொல்லாக வருகிறது]

"தி ரிப்போர்ட் தட் தி கமிட்டி விச் தி மேயர் அப்பாயின்டட் லாஸ்ட் இயர் ஃபைனலி பப்ளிஷ்ட் சர்ப்ரைஸ்ட் எவ்ரிபடி."

ஒரு தடவை கேட்டு புரிஞ்சவங்க கை தூக்குங்க. ரிப்போர்ட், கமிட்டி, மேயர், எல்லாமே நமக்குத் தெரிஞ்ச வார்த்தை. ஆனா யாரு என்ன பண்ணாங்க? இப்ப தமிழ்ல சொல்றேன்:

"போன வருஷம் மேயர் நியமிச்ச குழு ஒருவழியா வெளியிட்ட அறிக்கை எல்லாரையும் அதிர வச்சுது."

தண்ணியா இறங்குதுல்ல? ஏன்? இங்கிலீஷ்ல மூணு பேர்ச்சொல்லும் முதல்ல வரிசையா வந்து நிக்குது: அறிக்கை, குழு, மேயர். அப்புறம் மூணு வினையும் வரிசையா வருது, அதுவும் தலைகீழா: நியமிச்சது, வெளியிட்டது, அதிர வச்சது. முதல்ல வந்த அறிக்கைக்குரிய வினை கடைசியிலதான் கிடைக்கும். அதுவரைக்கும் மூணையும் மனசுல தூக்கி வச்சுக்கிட்டே படிக்கணும். தமிழ்ல மேயர் பக்கத்துலயே நியமிச்ச, குழு பக்கத்துலயே வெளியிட்ட. ஜோடி ஜோடியா முடிஞ்சு போகுது, மனசுல சுமை இல்ல.

இப்ப சீனத்துக்கு வாங்க. 'நேத்து வந்த பையன்'கிறதை இங்கிலீஷ்காரர் 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே'ன்னு பையனை முன்னாடி நிறுத்திட்டு விவரத்தைப் பின்னாடி ஒட்டுவார். சீனத்துல என்ன தெரியுமா? 'ட்சுவோதியன் லாய் த நான்ஹாய்'. நேத்து, வந்த, பையன்! அப்படியே நம்ம வரிசை. ஒருத்தரைப் பத்தி எவ்வளவு பெரிய விவரம் சொன்னாலும் அது பேருக்கு முன்னாடிதான் வரும், தமிழ்ல மாதிரியே. அந்த மேயர் வாக்கியமும் சீனத்துல நம்ம வரிசையிலதான் சீரா ஓடும்.

இதுல ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு, அது சீனப் பிள்ளைகளுக்கு மட்டும். தமிழ்ல 'நான் சோறு சாப்பிடுறேன்', வினை கடைசியில. இங்கிலீஷ் படிக்க ஆரம்பிச்ச முதல் நாளே வரிசை மாறும்னு நமக்குத் தெரிஞ்சிடும். சீனத்துல சின்ன வாக்கியம் இங்கிலீஷ் மாதிரியேதான் இருக்கும்: நான், சாப்பிடுறேன், சோறு. வினை நடுவுல, ஆனா பேருக்கான விவரம் முழுக்க முன்னாடி! உலக மொழிகள்ல இந்தச் சேர்க்கை ரொம்ப அபூர்வம். அதனால சின்ன வகுப்புல சொல்லுக்குச் சொல் மாத்தினாலே இங்கிலீஷ் வந்துடுது, பிள்ளைக்கு நம்பிக்கையும் வந்துடுது. உயர்நிலைப் பள்ளியில நீள வாக்கியம் வரும்போதுதான் காலடியில தரை நழுவுது. இத்தனை வருஷம் கைகொடுத்த பழக்கமே அங்க எதிரியாயிடுது. அந்தப் பிள்ளையை 'உனக்கு வொகாபுலரி பத்தலை'ன்னு திட்டி இன்னொரு வார்த்தைப் புத்தகத்தைக் கையில திணிக்கிறது அநியாயம்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு, சீன வினைச்சொல் உருவம் மாறாது. நேத்தா இன்னைக்கா, செஞ்சதா செய்யப்பட்டதா, வினை அப்படியேதான் நிக்கும், பக்கத்துச் சொற்களும் இடமும்தான் சொல்லும். அதனால இங்கிலீஷ் வினையோட வால்ல ஒட்டியிருக்கிற 'எட்' கண்ணுல பட்டாலும் மனசுல பதியாது. இதைக் கடைசியில ஒரு கேள்வியாவே கேட்கப் போறேன், போயிடாதீங்க.

[திரையில்: பென்சில், அடைப்புக்குறிகள்]

அப்ப எப்படித் தயாராகணும்? நல்ல ஆசிரியர்கள் செய்ய வைக்கிறது ஒரே வேலை. ஒரு பழைய கேள்வித்தாள் பத்தி, ஒரு பென்சில். 'ஹூ', 'விச்', 'தட்'னு தெரிஞ்ச இடத்துல அடைப்புக்குறி திறக்கணும், அந்த விவரம் முடியிற இடத்துல மூடணும். எல்லா அடைப்புக்குறியையும் மூடின பிறகு வெளியில மிச்சம் என்ன இருக்கு? "தி ரிப்போர்ட் சர்ப்ரைஸ்ட் எவ்ரிபடி." அதுதான் எலும்பு. அப்புறம் உள்ள இருக்கிறதை ஒவ்வொண்ணா திறந்து பார்க்கலாம். ஒரு நாளைக்கு ரெண்டு வாக்கியம் இப்படிச் செஞ்சா போதும். அவசரமே வேண்டாம். தேர்வுல வேகம் வேணும்னா, வீட்டுல மெதுவா படிக்கணும்.

காவ்யான் எழுதுறவங்க இதுக்கு மேலயும் போவாங்க. அந்தத் தாள்ல வர்ற பத்திகள் நிறைய, 'தி எகனாமிஸ்ட்', 'தி கார்டியன்' மாதிரி பத்திரிகைகள்ல இருந்து எடுத்துச் சுருக்கினது. அதனால பசங்க அந்தப் பத்திரிகைகளையே தேடிப் படிப்பாங்க. பழைய தாள்களையும் ஒரு தடவை எழுதிட்டு விடுறது கிடையாது, ரெண்டு மூணு சுத்து. முதல் சுத்துல விடை, ரெண்டாவது சுத்துல வாக்கியம், அப்புறம் தப்பு போட்டதுக்குன்னே ஒரு நோட்டு.

டியூஷன் பத்தி பேசாம இந்தக் கதை முடியாது. யூ மின்ஹாங்னு ஒருத்தர். கிராமத்துப் பையன். காவ்காவ்ல முதல் தடவை இங்கிலீஷ்ல அவர் வாங்கினது 33. மூணாவது முயற்சியில, 1980-ல, பெய்ஜிங் பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் படிக்கவே சேர்ந்தார். 1993-ல 'நியூ ஓரியன்டல்' ஆரம்பிச்சு சீனாவோட மிகப் பெரிய டியூஷன் கம்பெனியில ஒண்ணா வளர்த்தார். 2021 ஜூலையில, ஒன்பதாம் வகுப்பு வரைக்குமான பாடங்களுக்கு லாபத்துக்கு டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. கம்பெனி நேரலையில அரிசியும் மாட்டிறைச்சியும் விக்க இறங்குச்சு! 2022 ஜூன்ல, தொங் யூஹுய்ங்கிற இங்கிலீஷ் வாத்தியார் வெள்ளைப் பலகையில வார்த்தை எழுதிப் பாடம் சொல்லிக்கிட்டே வியாபாரம் பண்ணி நாடு முழுக்கப் பிரபலமானார். கல்லூரி மாணவர்களுக்கான சிஇடி, காவ்யான் வகுப்புகள் அந்தத் தடையில வரல, அது தொடர்ந்து நடக்குது.

சரி, நான் சொன்ன கேள்வி.

[திரையில் வாக்கியம்]

"தி ஸ்டூடன்ட்ஸ் ஆஃபர்ட் எ செகண்ட் சான்ஸ் ரிஃப்யூஸ்ட்."

மாணவர்கள் யாருக்கோ வாய்ப்பு கொடுத்தாங்களா, இல்ல மாணவர்களுக்கு யாரோ கொடுத்தாங்களா? மறுத்தது யாரு? ஒரே வாக்கியமா தமிழ்ல மாத்தி கமெண்ட்ல போடுங்க. பென்சிலையும் அடைப்புக்குறியையும் பயன்படுத்தலாம், கூகுள் மொழிபெயர்ப்பு மட்டும் வேண்டாம்.