ஒரு எபிசோட் ஃபுல்லா ஈ ஓட்டுனா எப்படி இருக்கும்? பாட்டில் எபிசோட் கதை

வணக்கம் மக்களே. முதல்லயே சொல்லிடுறேன், நான் சினிமா விமர்சகர்லாம் கிடையாது, சாப்பிடும்போது ஏதாவது ஓடணுமேன்னு போட்டு பாக்குற ஆளு, அதனால ஒத்து வரலைன்னா கமென்ட்ல திட்டிக்கோங்க. ஸ்பாய்லர் இருக்கு, அப்புறம் சண்டைக்கு வராதீங்க.

வேலவெட்டி இல்லாம இருந்தா ஈ ஓட்டுறான்னு சொல்லுவோம்ல? பிரேக்கிங் பேட்னு ஒரு அமெரிக்க சீரிஸ், அதுல 3வது சீசன், 10வது எபிசோட், பேரே 'ஃப்ளை', 2010ல வந்துது, அதுல ஹீரோ வால்ட் நிஜமாவே ஈ ஓட்டுறாரு. அவரும் பார்ட்னர் ஜெஸ்ஸியும் போதை மருந்து தயாரிக்குற லேபுக்குள்ள ஒரு ஈ பூந்துடுச்சு, அதை அடிக்கணும், அவ்ளோதான் கதை. நான் முதல் தடவை பத்து நிமிஷத்துல கடுப்பாகி ஸ்கிப் பண்ணிட்டேன்.

(திரையில: பாட்டில் எபிசோட்னா என்ன?)

சீரிஸ் எடுக்கும்போது பட்ஜெட் கைய கடிச்சா, புது செட் வேணாம், புது ஆளுங்க வேணாம், இருக்குற செட்டுக்குள்ளயே நாலு பேர அடைச்சு வெச்சு ஒரு எபிசோட முடிச்சிடுவாங்க, அதுக்குத்தான் இந்தப் பேரு. 'ஃப்ளை' எடுத்ததும் காச மிச்சம் பிடிக்கத்தான். ஃப்ரெண்ட்ஸ்னு ஒரு காமெடி சீரிஸ், அதுலயும் 1996ல ஒன்னு வந்துது, ராஸ் கிளம்புங்க கிளம்புங்கன்னு கத்திட்டே இருப்பான், ஜோயி என்னடான்னா சாண்ட்லரோட துணி மொத்தத்தையும் ஒன்னு மேல ஒன்னா மாட்டிட்டு வந்து நிப்பான். செம்ம காமெடி.

சினிமால இதே மாதிரின்னா 1957ல வந்த '12 ஆங்ரி மென்'. 96 நிமிஷத்துல கிட்டத்தட்ட முழுசும் ஒரே ரூம்தான், ஆனா போகப்போக நமக்கே மூச்சு முட்டும். ஏன்னு பாத்தா, டைரக்டர் சிட்னி லூமெட் ஆரம்பத்துல கேமராவ கண் மட்டத்துக்கு மேல வெச்சு வைடு லென்ஸ்ல எடுத்திருக்காரு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கேமராவ கீழ இறக்கி லென்ஸையும் மாத்திட்டே போறாரு, அதுல பின்னாடி இருக்குற சுவரு ஆளுங்க முதுகுல வந்து ஒட்டுன மாதிரி தெரியும், கடைசில சீலிங்கே தலைல இறங்குற மாதிரி இருக்கும். ரூம் அதே ரூம்தாங்க!

இதுக்கு நேர் எதிர், 2019ல வந்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் சீரிஸோட 'தி லாங் நைட்' எபிசோட். போர் காட்சிக்கு மட்டும் 55 ராத்திரி ஷூட்டிங்காம். நான் போன்ல பாத்தேன், டிராகன விட என் மூஞ்சிதான் ஸ்கிரீன்ல தெளிவா தெரிஞ்சுது. சரி, போன்ல பாத்தது என் தப்புன்னே வெச்சுக்குவோம், ஆனா நிறைய பேரு டிவில பாத்துட்டும் இருட்டா இருக்குன்னுதான் பொலம்புனாங்க.

திரும்ப ஈக்கு வருவோம். பிரேக்கிங் பேட்லயே 2013ல வந்த 'ஓஸிமேண்டியாஸ்' எபிசோட எல்லாரும் தலைல தூக்கி வெச்சு கொண்டாடுறோம்ல, அத டைரக்ட் பண்ண ரயன் ஜான்சன்தான் இந்த ஈ எபிசோடையும் டைரக்ட் பண்ணிருக்காரு, அது தெரிஞ்சப்புறம்தான் ரெண்டாவது தடவ உக்காந்து பாத்தேன். ஏணி மேல ஜெஸ்ஸி ஈய அடிக்க நிக்குறான், கீழ வால்ட் ஏணிய பிடிச்சிருக்காரு, ஜெஸ்ஸி காபில கலந்து குடுத்த தூக்க மாத்திரைல கண்ணு சொக்குது, அந்த அரைத் தூக்கத்துல, ஜெஸ்ஸியோட செத்துப்போன காதலி ஜேன் விஷயத்துக்கு சாரிங்குறாரு. ஜேன் செத்தப்ப பக்கத்துல இருந்து வேடிக்கை பாத்தது அவருதான்னு நமக்குத் தெரியும், ஜெஸ்ஸிக்குத் தெரியாது. இன்னும் ஒரு வார்த்தை உளறுனா கதையே முடிஞ்சுது! டிராகன் வந்தப்பகூட நான் இவ்ளோ பதறல.

ஈய ஜெஸ்ஸி அடிச்சுடுறான். ஆனா அன்னிக்கு ராத்திரி வால்ட் பெட்ல படுத்திருக்காரு, சீலிங்ல ஒரு சின்ன சிவப்பு லைட் மின்னுது, அது மேல ஒரு ஈ உக்காந்திருக்கு.